பால்மாத் தட்டுகள் வெறுமையாகக் கிடந்த மாதங்கள்

2015ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவுஸ்திரேலியாவில் கைக்குழந்தையுடன் இருந்த தாய்மார் பலருக்கு, பேரங்காடிகளில் குழந்தைப் பால்மாப் பேணிகள் இருக்கவேண்டிய தட்டுகள் நாட்கணக்காக வெறுமையாகக் கிடந்தது மறந்திருக்காது. எங்கள் இளைய மகள் அந்த ஆண்டின் ஆகஸ்ட் மாதத்தில் சிட்னியின் மேற்குப் பகுதியில் பிறந்தாள். அவளுடைய முதல் மாதங்களின் பெரும்பகுதி, அடுத்த பேணி எங்கே கிடைக்கும் என்ற கவலையிலேயே கழிந்தது. என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது, அந்த நிலையில் ஒரு தாய் எதைச் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பதை எனக்குத் தமிழில் எடுத்துச் சொல்ல அன்று ஒருவரும் இருக்கவில்லை. அதனால் பணமும் நேரமும் போயின. அவற்றைவிட, பிள்ளையின் பக்கத்தில் அமைதியாக இருந்திருக்கவேண்டிய பல மாலைகள் போயின. இனி ஒரு தட்டுப்பாடு எந்தக் காரணத்தால் வந்தாலும், வேறொரு தாய் என்னைப் போல இருட்டில் தடவக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பிரசவத்தின்போது எனக்கு இரத்தப்போக்கு மிகுதியாக இருந்தது. பிறகு தாய்ப்பால் போதிய அளவு சுரக்கவில்லை. மூத்தவனுக்கு ஒரு வயது வரை பால் கொடுத்தவள் என்பதால், இரண்டாவது பிள்ளைக்கு என்னால் முடியாமற் போனதை ஏற்றுக்கொள்ள எனக்கு நெடுநாள் பிடித்தது. மகளின் எடை ஏறாததைக் கண்ட தாதி பால்மாவையும் சேர்த்துக் கொடுக்கும்படி சொன்னார். அவளுக்கு நான்கு மாதம் ஆவதற்குள் முழுவதும் பால்மாவாகிவிட்டது. இந்தச் சொந்தக் கதையைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் சமூகத்தில் பால்மா கொடுப்பதை வெளியே சொல்லக் கூசுகிறோம். கூசுகிறவர்கள் உதவி கேட்பதில்லை. தட்டுப்பாடு வந்தபோது நான் யாரிடமும் வாய் திறக்காமல் தனியே அலைந்ததற்கு அந்தக் கூச்சமே முதற் காரணமாக இருந்தது. என் தெருவிலேயே இன்னொரு தமிழ்த் தாயும் அதே பேணியைத் தேடி அலைந்துகொண்டிருந்தார் என்பது எனக்கு மாதங்கள் கழித்தே தெரிந்தது.

ஒக்ரோபர் பிறந்ததும் நாங்கள் வழக்கமாக வாங்கிய வகை கிடைக்காமற் போகத் தொடங்கியது. முதலில் ஒரு கடையில் இல்லை, அடுத்த கடையில் இருந்தது. பிறகு ஒரு புறநகரில் இல்லை, இரண்டு புறநகர் தள்ளிப் போனால் இருந்தது. நவம்பர் முதல் வாரத்தில் எங்கும் இல்லை என்றாகிவிட்டது. கணவர் வேலை முடிந்து வரும் வழியில் நான்கைந்து கடைகளில் ஏறி இறங்கி, வெறுங்கையுடன் வீடு வந்து சேர இரவு ஒன்பதைத் தாண்டிவிடும். பகலில் நான் பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு தொடருந்தில் போய்த் தேடினேன். கடைக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டால், காலையில் வந்தது, வந்த கையோடு முடிந்துவிட்டது என்ற பதிலே கிடைத்தது.

ஒரு நாள் கடை திறக்கும் நேரத்துக்கே போய் நின்றபோதுதான் எப்படி முடிகிறது என்பதை நேரில் பார்த்தேன். ஊழியர் ஒருவர் சரக்குப் பலகையைக் கைவண்டியில் இழுத்து வந்து நிறுத்தி, அதைச் சுற்றியிருந்த நெகிழித்தாளைக் கத்தியால் கிழித்தார். பேணிகள் தட்டில் ஏறவே இல்லை. காத்திருந்தவர்கள் பலகையிலிருந்தே எடுத்துத் தங்கள் கூடைகளில் போட்டுக்கொண்டார்கள். அவர்களுள் ஒரு இளம்பெண் பேணியை எடுப்பதற்கு முன் கைபேசியை உயர்த்தி, கடையின் பெயர்ப்பலகை, தட்டு, விலைச்சீட்டு, பேணியின் அடியில் அச்சிட்ட திகதி என்று ஒவ்வொன்றாகக் காணொளி எடுத்தார். பணம் செலுத்திய பின் பற்றுச்சீட்டையும் படம் எடுத்தார். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை. விளங்கியிருந்தால் அந்தத் தட்டுப்பாட்டின் முழு இயக்கமும் விளங்கியிருக்கும்.

விளக்கியவர் எங்கள் பகுதித் தாய்மார் குழுவில் இருந்த ஒரு சீனப் பெண். அவர் ஹெபேய் மாகாணத்தைச் சேர்ந்தவர். 2008ஆம் ஆண்டில் அவருடைய அக்காவின் மகன் கைக்குழந்தை. அந்த ஆண்டு செப்டெம்பரில், ஹெபேயின் தலைநகரான ஷிஜியாசுவாங்கில் இயங்கிய சான்லூ என்ற பெரிய பால் நிறுவனத்தின் குழந்தைப் பால்மாவில் மெலமைன் என்ற இரசாயனம் கலந்திருப்பது வெளியே வந்தது. தண்ணீர் கலந்த பாலில் புரதம் குறைவது தெரியாதிருக்கவே அதைச் சேர்த்தார்கள். பாலின் புரதத்தை நைதரசனின் அளவை வைத்துக் கணக்கிடும் சோதனையை, நைதரசன் நிறைந்த மெலமைன் ஏமாற்றிவிடும். குழந்தைகளின் சிறுநீரகங்களில் கற்கள் உண்டாயின. ஆறு குழந்தைகள் இறந்தன. ஏறத்தாழ மூன்று இலட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 2004இல், அன்ஹுயி மாகாணத்தில் சத்தே இல்லாத போலிப் பால்மாவைக் குடித்துக் குழந்தைகள் இறந்திருந்தன. தன் அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வைத்தியசாலையில் ஸ்கான் எடுப்பதற்கு வரிசையில் நின்றதை அந்தப் பெண் சொன்னபோது, அதுவரை எனக்குள் இருந்த கோபம் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது.

அந்த அச்சத்திலிருந்துதான் இந்த வணிகம் பிறந்தது. வெளிநாட்டில் வாழும் சீனர்கள், ஊரில் இருப்பவர்களுக்காகப் பொருள்களை வாங்கி அனுப்பும் முறைக்கு டைகோ என்று பெயர். மாணவர்கள், வீட்டில் இருக்கும் தாய்மார், ஓய்வுபெற்ற பெற்றோர் எனப் பலர் அதில் ஈடுபட்டார்கள். வீசாட் செயலியில் கோரிக்கை வரும். கடையில் வாங்கி, மூன்று அல்லது ஆறு பேணிகளாகப் பெட்டியில் அடைத்து, பொதி அனுப்பும் கடைகளில் கொடுத்துவிடுவார்கள். இங்கே 25 டொலர் அளவில் விற்ற 900 கிராம் பேணி அங்கே அதன் இரண்டு மடங்குக்கும் மேலான விலைக்குப் போயிற்று. நவம்பர் 11ஆம் திகதி சீனாவில் இணையவழி விற்பனையின் பெருநாள். அதனால் ஒக்ரோபரிலும் நவம்பரிலும் கோரிக்கைகள் குவியும். எங்களை அந்த ஆண்டு அடித்தது அந்த அலைதான். போதாததற்கு, ஒரு குழந்தைக் கொள்கையை நீக்கும் அறிவிப்பும் அதே ஒக்ரோபரின் இறுதியில்தான் பெய்ஜிங்கிலிருந்து வந்தது.

சீனக் கடைகளிலும் இதே வெளிநாட்டு வகைகள் இறக்குமதியாகி விற்றன. அப்படியிருக்க, ஏன் சிட்னியின் ஒரு புறநகர்த் தட்டிலிருந்தே எடுத்து அனுப்பவேண்டும்? இதை நான் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். இறக்குமதிக்காரரையும் நம்பமுடியாது, இடையில் யார் என்ன செய்தார் என்று தெரியாது. அவுஸ்திரேலியத் தாய் தன் பிள்ளைக்கு எடுக்கும் அதே தட்டிலிருந்து எடுத்தது என்பதுதான் அவர்களுக்கு வேண்டிய உத்தரவாதம் என்றார். காணொளியும் பற்றுச்சீட்டும் அதற்கான சான்று. இதை விளங்கிக்கொண்டால் இன்னொன்றும் விளங்கும். நிறுவனங்கள் உற்பத்தியைக் கூட்டினாலும், ஏற்றுமதியைக் கூட்டினாலும், வெறுமையாவது எங்கள் தட்டுத்தான். அதோடு, வெறுமையானது எல்லாத் தட்டுகளும் அல்ல. பெல்லமீஸ், ஏ2 பிளாட்டினம், அப்டமில் போன்ற, சீனாவில் பெயர் எடுத்த சில வகைகளே மறைந்தன. அவற்றுக்கு ஒரு முழம் தள்ளி வேறு வகைப் பால்மா நிரையாக நின்றது. நானோ வெறுமையான இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரிய பேரங்காடிகள் வெளிப்படையாகவே கட்டுப்பாடு விதித்தன; ஒருவருக்கு இத்தனை பேணிதான் என்ற அறிவித்தல் தட்டில் ஒட்டப்பட்டது, நாளடைவில் அது இரண்டு பேணியாகக் குறைந்தது. இது அவுஸ்திரேலியாவில் மட்டும் நடந்ததல்ல. 2013ஆம் ஆண்டு மார்ச் முதலாம் திகதியிலிருந்து ஹொங்கொங் அரசு, அங்கிருந்து வெளியேறும் ஒருவர் 1.8 கிலோவுக்கு மேல், அதாவது இரண்டு பேணிக்கு மேல், பால்மா கொண்டுபோகக்கூடாதென்று சட்டமே இயற்றியது. மீறினால் ஐந்து இலட்சம் ஹொங்கொங் டொலர் தண்டமும் இரண்டு ஆண்டுச் சிறையும் விதிக்க அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. அதே ஆண்டு பிரித்தானியப் பேரங்காடிகளும் ஒருவருக்கு இரண்டு பேணி என்று வரையறுத்தன. ஆனால் கடையின் விதி வேறு, நாட்டின் சட்டம் வேறு. கடையின் விதியைத் தாண்டுவது எளிது. குடும்பத்தில் ஆளுக்கொரு வரிசையில் நின்றார்கள். பேணிகளைக் காரில் வைத்துவிட்டு மறுபடி உள்ளே வந்தார்கள். காசாளர் இல்லாமல் தாமே பணம் செலுத்தும் பொறியில் மீண்டும் மீண்டும் போனார்கள். உண்மையில் அந்தக் கட்டுப்பாடு என்னைப் போன்றவர்களையே இறுக்கியது. இரட்டைக் குழந்தைகள் உள்ள தாய் ஒருவர் கூடுதலாக ஒரு பேணி கேட்டுக் காசாளரிடம் கெஞ்சியதைக் கண்டிருக்கிறேன். இதில் ஒரு குறிப்பு: காசாளரிடம் கேட்பதைவிட, கடையின் பொறுப்பாளரை வேறொரு நேரத்தில் தனியே சந்தித்து, பிள்ளையையும் காட்டி நிலைமையைச் சொன்னால் பலன் உண்டு. சரக்கு எந்தக் கிழமைகளில், எந்த நேரத்தில் வரும் என்பதை எங்கள் பகுதிப் பொறுப்பாளர் எனக்குச் சொன்னதோடு, ஒரு பேணியைப் பெயர் எழுதி உள்ளே எடுத்துவைக்கவும் ஒத்துக்கொண்டார். சிறிய மருந்தகங்களில் இது இன்னும் எளிது. அங்கே மருந்தாளரிடம் பதிவு செய்துவைத்தால் அவர் தன் விநியோகத்தரிடம் தருவித்துக் கொடுப்பார்.

அந்த வழி தெரிவதற்கு முன்பே எங்கள் பணம் கரைந்துவிட்டது. இணையத்தில் தனியார் விற்பனை விளம்பரங்களில் அதே பேணி இரட்டிப்பு விலைக்குக் கிடைத்தது. 25 டொலர்ப் பேணிக்கு 50 டொலருக்கு மேல் கொடுத்துப் பலமுறை வாங்கினோம். ஒருவர் ஆறு பேணி ஒன்றாகத் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்டார். கணவர் வங்கிக் கணக்குக்கு அனுப்பினார். பேணியும் வரவில்லை, அந்தத் தொலைபேசி இலக்கமும் பிறகு இயங்கவில்லை. முந்நூறு டொலரை அண்டிய தொகை, ஒரே சம்பளத்தில் குடும்பம் நடத்திய எங்களுக்குச் சிறிதல்ல. பொலிஸில் முறையிட்டோம், திரும்பக் கிடைக்கவில்லை. இன்னொருவர் தந்த பேணி ஒன்றின் விளிம்பு நசுங்கியிருந்தது. நெகிழி மூடியைத் திறந்தால் உள்ளே வெள்ளித்தாள் ஒரு பக்கம் விலகியிருந்தது. அதைக் கொட்டிவிட்டோம். பேணியை நான் கவிழ்த்துக் கொட்டும்போது கணவர் ஒன்றும் பேசாமல் நின்றார். அவர் அன்றைய வேலைநேரத்தில் உழைத்ததில் கணிசமான பகுதி அது.

ஆகவே தனியாரிடம் வாங்கவே வேண்டாம் என்பதே என் முடிந்த கருத்து. கடையில் வாங்கிய பேணியில் குறை இருந்தால் பற்றுச்சீட்டைக் காட்டித் திருப்பலாம்; நிறுவனம் ஏதாவது தொகுதியை மீளப் பெற்றால் அந்த அறிவித்தல் எங்களுக்குப் பொருந்துமா என்று பார்க்கலாம். இடைக்காரரிடம் வாங்கியதற்கு அந்த வழிகள் எவையும் இல்லை. வெயிலில் காருக்குள் எத்தனை நாள் கிடந்ததென்றுகூடத் தெரியாது. வேறு கதியில்லாமல் வாங்க நேர்ந்தால், பொது இடத்தில் பொருளைக் கையில் வாங்கிய பின்பே பணம் கொடுங்கள். பேணியின் அடியில் உள்ள காலாவதித் திகதியும் தொகுதி இலக்கமும் அழிக்கப்படாமல் இருக்கின்றனவா, விளிம்பு நசுங்கியிருக்கிறதா, உள்ளேயுள்ள தாள் முழுமையாக ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். எந்த வயதுக்கானது என்பதையும் பாருங்கள். இங்கே ஒன்று என்ற எண் பிறந்ததிலிருந்து ஆறு மாதம் வரைக்கும், இரண்டு என்பது ஆறு முதல் பன்னிரண்டு மாதம் வரைக்கும், மூன்று என்பது அதற்கு மேலும். அவசரத்தில் மூன்றாம் எண் பேணியை வாங்கி வந்து இளங்குழந்தைக்குக் கொடுத்தவர்கள் உண்டு. அது ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் தேவைக்கு ஏற்ற உணவு அல்ல.

நவம்பரின் நடுப்பகுதியில் ஒரு வெள்ளி இரவு. பேணியின் அடியைக் கரண்டி தொடும் நிலை. ஒரு போத்தலுக்கு ஒரு கரண்டி குறைத்துப் போட்டால் நாளைக் காலைவரை ஓடும் என்ற எண்ணம் எனக்கு வந்தது. கணவர் தடுத்தார். அந்த நேரத்தில்தான் வைத்தியசாலையிலிருந்து வரும்போது தந்த கோப்பில் இருந்த தாதியர் ஆலோசனைத் தொலைபேசி இலக்கம் நினைவுக்கு வந்தது. எடுத்த தாதியிடம் நான் பேசியதைவிட அழுததே கூட. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: உங்களுக்கு அருகில் உள்ள கடையில் வேறு எந்த வகையுமே இல்லையா? இருக்கிறது என்றேன். அப்படியானால் உங்கள் பிள்ளைக்கான பால் அங்கே இருக்கிறது என்றார். அவுஸ்திரேலியாவில் விற்கப்படும் எந்தக் குழந்தைப் பால்மாவும், விலை குறைந்ததோ கூடியதோ, உணவுத் தர நெறிக்கோவையில் வரையறுத்த சத்துகளைக் கொண்டிருந்தே ஆகவேண்டும்; அது சட்டம். வகைகளுக்கிடையே சிறு வேறுபாடுகள் உண்டு. ஆனால் ஒன்றைக் குடித்த ஆரோக்கியமான பிள்ளை மற்றொன்றில் வளராது என்பதற்கு இடமில்லை என்று விளக்கினார். கணவர் அன்றிரவே மூடுவதற்கு முன் கடைக்குப் போய், அரை மாதமாக நாங்கள் பார்த்தும் பார்க்காமல் கடந்துவந்த வேறொரு பேணியை வாங்கி வந்தார். விலையும் குறைவு.

நான் அனுபவித்த துன்பத்தில் முக்காற்பங்கு, இந்த ஒரு செய்தி எனக்குத் தெரியாததால் வந்தது. தட்டுப்பாடு பாலுக்கு அல்ல, ஒரு சில பெயர்களுக்கு. பிள்ளைக்கு ஒத்துக்கொண்ட வகையை மாற்றக்கூடாது என்று குழுவில் சொன்னார்கள், உறவினர் சொன்னார்கள், பேணியின் அலங்காரமும் அதையே சொல்வதுபோல் இருந்தது. மாற்றும்போது கவனிக்கவேண்டியவை சிலவே. பழையதில் கொஞ்சம் மீதி இருந்தால், சில நாட்களுக்கு ஒரு போத்தல் பழையதும் ஒரு போத்தல் புதியதுமாகக் கொடுத்துப் பழக்கலாம். இல்லாவிட்டால் நேரடியாகவே மாற்றலாம். மலத்தின் நிறமும் இறுக்கமும் மாறும். எங்கள் மகளுக்கு ஒரு வாரம் கடும்பச்சையாகப் போயிற்று, வயிறு சற்றுப் பொருமியது, பிறகு சரியாகிவிட்டது. இரத்தம் கலந்து போனாலோ, உடலில் தடிப்பு வந்தாலோ, தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ தாமதிக்காமல் வைத்தியரிடம் போகவேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் கரண்டி. பழைய பேணியின் கரண்டியையும் புதிய பேணியின் கரண்டியையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று மற்றதைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி சிறியது. ஒரு கரண்டிக்கு எத்தனை மில்லிலீற்றர் தண்ணீர் என்பது வகைக்கு வகை மாறும். பழைய கரண்டி கைக்குப் பழகியது என்று அதையே புதிய பேணிக்குள் போட்டால், பால் நீர்த்துப்போகும் அல்லது தடித்துப்போகும். நீர்த்த பால் பிள்ளையின் பசியை மட்டும் பாதிப்பதில்லை. இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து வலிப்பு வரக்கூடும். தடித்த பால் மலச்சிக்கலையும் நீரிழப்பையும் கொண்டுவரும். பேணியை மிச்சம் பிடிக்கக் கரண்டியைக் குறைக்கக்கூடாது என்று தாதி அந்த இரவில் என்னிடம் இரண்டு முறை சொன்னார். எந்த வகைப் பேணிக்கும் அதனுள்ளே வரும் கரண்டியே. பழைய பேணி முடிந்த அன்றே அதன் கரண்டியைக் குப்பையில் போட்டுவிடுங்கள்.

பசும்பாலின் புரதத்துக்கு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் நிலை வேறு. அவர்களுக்கு வைத்தியரின் மருந்துச்சீட்டோடு அரச மானியத்தில் மருந்தகத்தில் கிடைக்கும் சிறப்புப் பால்மா உண்டு. அத்தகைய பிள்ளைக்கு, கிடைத்த வகையை வாங்கிக் கொடுக்கக்கூடாது. ஆட்டுப்பாலில் செய்த பால்மாவும் அவர்களுக்கு மாற்று அல்ல.

யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா தொலைபேசியில், "ஏன் பிள்ளை, அங்கை நல்ல மாட்டுப்பால் இல்லையே? தண்ணி கலந்து காய்ச்சிக் குடுத்தால் என்ன? உன்னையும் அப்பிடித்தானே வளர்த்தனான்" என்றார். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையில், பால்மா ஒரு பேணிக்கு ஊர் ஊராக அலைந்த தலைமுறை அது; அவர்களிடம் இருந்ததைக் கொண்டு எங்களை வளர்த்தார்கள். அவர் சொன்னதில் அன்பைத் தவிர வேறெதுவும் இல்லை. ஆனால் ஒரு வயதுக்கு முன் பசும்பாலைப் பிரதான உணவாகக் கொடுத்தால், அதிலுள்ள புரதமும் உப்பும் சிறுநீரகத்துக்குச் சுமை. இரும்புச்சத்தோ மிகக் குறைவு. தகரப்பாலும், வீட்டில் தானியங்களை அரைத்துச் செய்யும் மாவும் பால்மாவுக்குப் பதிலாகா. அம்மாவிடம் இதைத் தாதி சொன்னதாகவே சொன்னேன். என் சொல்லுக்கு மறுசொல் சொல்லியிருப்பார். தாதியின் சொல்லுக்குச் சொல்லவில்லை.

அந்த மாதங்களில் நான் கண்டு மிகவும் வருந்திய ஒன்றையும் எழுதவேண்டும். ஹெபேயைச் சேர்ந்த அந்தப் பெண், ஒரு சனிக்கிழமை தன் பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு ஒரே ஒரு பேணியுடன் வரிசையில் நின்றபோது, பின்னால் நின்றவர் ஒருவர் எங்கள் பிள்ளைகளின் பாலைத் திருடுகிறீர்கள், உங்கள் நாட்டுக்குப் போங்கள் என்று கத்தினார். அவருடைய பிள்ளையும் இந்த நாட்டில் பிறந்த பிள்ளை. அந்தப் பேணி அந்தப் பிள்ளைக்கானது. நான் பக்கத்து வரிசையில் இருந்து போய் அவருக்கு அருகில் நின்றேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அதன்பிறகு அவர் தனியே பேரங்காடிக்குப் போவதை நிறுத்திவிட்டார். தட்டை வெறுமையாக்கியவர்கள் மீது எனக்கும் கோபம் இருந்தது, இன்றும் அதை நியாயமென்றே நினைக்கிறேன். பத்துப் பேணியைக் காரில் ஏற்றுபவருக்கு, பின்னால் தள்ளுவண்டியுடன் நிற்கும் தாய் தெரியாமல் இருக்க முடியாது. ஆனால் முகத்தைப் பார்த்து யார் வணிகர், யார் தாய் என்று தீர்மானிக்க எவராலும் இயலாது. நாங்களும் ஒரு நாள் எங்கள் தோற்றத்துக்காக அந்த வரிசையில் ஏச்சு வாங்கக்கூடியவர்களே.

பெருநிறுவனங்களின் பங்கையும் மறக்கக்கூடாது. டாஸ்மேனியாவைச் சேர்ந்த பெல்லமீஸ் 2014இல் ஒரு டொலர் விலையில் பங்குச்சந்தைக்கு வந்தது. 2015 முடிவதற்குள் ஒரு பங்கு பத்து டொலரைத் தாண்டிவிட்டது. வெறுமையான தட்டு எங்களுக்குத் துயரமாக இருந்த அதே மாதங்களில் பங்குதாரருக்கு அது கொண்டாட்டமாக இருந்தது. பிறகு சீனா எல்லை கடந்த இணைய வணிகத்துக்கும் பால்மாப் பதிவுக்கும் விதிகளை இறுக்கியது. 2016 டிசெம்பரில் பெல்லமீஸின் பங்கு ஒரே நாளில் நாற்பது வீதத்துக்கும் மேல் விழுந்தது. 2019இல் சீனாவின் மெங்நியு நிறுவனம் அதை வாங்கியது. தட்டுகளில் நெருக்கடி இடைக்கிடை தொடர்ந்தது. 2018இல் சில கிளைகளில் பேணிகளைச் சேவை மேசைக்குப் பின்னால் வைத்துக் கேட்டால் மட்டும் எடுத்துக்கொடுக்கும் நிலை வந்தது. 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சீனாவின் மின்வணிகச் சட்டம் டைகோ வணிகரைப் பதிவு செய்யவும் வரி கட்டவும் வைத்தது. 2020இல் கொரோனாவால் எல்லைகள் மூடியதும் மாணவர்களும் பயணிகளும் வராததால் அந்த வழி பெரும்பாலும் வற்றிவிட்டது.

இன்று கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு இது. முழுவதும் பால்மா குடிக்கும் நான்கைந்து மாதப் பிள்ளைக்கு 900 கிராம் பேணி ஒன்று ஏறக்குறைய ஒரு வாரம் வரும். திறந்த பேணியை நான்கு வாரத்துக்குள் முடிக்கவேண்டும்; திறந்தது ஒன்றும் திறக்காதது இரண்டும் வீட்டில் இருந்தால் போதும். இரண்டு வாரத்துக்கு மேல் கையிருப்பு ஆகிவிடும். அதற்கு மேல் அடுக்கினால் நாமும் தட்டை வெறுமையாக்குகிறோம். பிள்ளை அடுத்த கட்டத்துக்கு வளர்ந்ததும் அவை வீணாகவும் கூடும். தட்டு நிறைந்திருக்கும் காலத்திலேயே உங்கள் வகைக்கு மாற்றாக இரண்டு வகைகளைத் தாதியிடமோ மருந்தாளரிடமோ கேட்டு எழுதிவையுங்கள். நியூ சவுத் வேல்ஸில் என்றால் குழந்தை நலத் தாதி, விக்டோரியாவில் என்றால் இரவு பகலாக இயங்கும் தாய் சேய் நலத் தொலைபேசி என்று அந்தந்த மாநிலத்தின் இலக்கத்தைக் கைபேசியில் சேமித்துவையுங்கள். ஆங்கிலத்தில் பேசத் தயங்கினால் அரச மொழிபெயர்ப்புச் சேவையின் வழியாகத் தமிழிலேயே பேசலாம். தாய்ப்பால் கொஞ்சமாவது சுரப்பவர்கள், போதவில்லை என்று முற்றாக நிறுத்திவிடாதீர்கள், கலந்து கொடுக்கலாம். கொடுக்கக் கொடுக்கக் கூடவும் கூடும். கூடாவிட்டாலும் பேணியின் தேவை குறையும்.

மகளுக்கு ஒரு வயது நிறைந்ததும் முழுக்கொழுப்புப் பசும்பாலுக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்கும் மாறினோம். திறக்காமல் இருந்த இரண்டு பேணிகளைத் திகதி பார்த்து, பற்றுச்சீட்டோடு, குழுவில் இருந்த இன்னொரு தாய்க்கு வாங்கிய விலைக்கே கொடுத்தேன். நடைபயிலும் பிள்ளைகளுக்கென்று விற்கப்படும் மூன்றாம் எண் பால்மாவை வாங்கவேண்டுமா என்று வைத்தியரிடம் கேட்டதற்கு, நன்றாகச் சாப்பிடும் ஆரோக்கியமான பிள்ளைக்கு அது தேவையே இல்லை என்றார். அந்தத் தட்டு நிறைந்திருந்தாலும் வெறுமையாக இருந்தாலும் நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.